கம்பெனிக்குப் போகிற ஊர்

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. படியேறும்போது துவைத்துக் காயப்போட்ட போர்வைகளின் வாடையும், கீழே பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவும் கண்டக்டர்களின் குரலும் கூடவே ஏறி வரும். மேலே ஒரு நீள அறை, சுவரை ஒட்டிக் கம்ப்யூட்டர்கள். நான் அங்கே வரைபடம் போடுகிறேன். ஒப்பந்த வேலைதான். அவ்வப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். சில சமயம் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள், நாங்களும் மறந்ததுபோல் வந்துகொண்டிருப்போம்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதைப் புள்ளியாகவும் நிறமாகவும் ஆக்குவது என் வேலை. ஒரு புள்ளி என்றால் ஒரு ஆள் அல்ல, கொஞ்சம் ஆட்கள். திரையைச் சுருக்கினால் நகரம் ஒரு கறுத்த கொத்தாகத் தெரியும். நாலாபக்கமும் போகும் ரோடுகள் எறும்புச் சாரி மாதிரி இருக்கும். ரோட்டை விட்டு விலக விலகப் புள்ளி குறைந்துகொண்டே போகும். நாள் முழுக்கப் பார்த்தால் கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பருக்கைகள் புள்ளியாகத் தெரிந்த நாட்கள் உண்டு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குள் போனது செங்கல் சுமக்க, சுண்ணாம்பு அடிக்க. நான் புவியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்கிறது என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். உயரட்டும்.

எங்கள் ஊர் கப்பலூரைத் தாண்டி, நான்கு வழிச்சாலையை ஒட்டி இருக்கிறது. ரோட்டோரம் ஊர். ஊருக்குத் தெற்கே ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெரு. ஏன் தாண்டி இருக்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஊராட்சி ஒன்றுதான், ஓட்டுப் போடும் பள்ளிக்கூடமும் ஒன்றுதான்.

கொஞ்ச காலம் முன்பு அலுவலகத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நகர எல்லையை விரிக்கப்போகிறார்கள், எந்தெந்த ஊராட்சிகளைச் சேர்க்கலாம் என்று பார்க்க வரைபடம் வேண்டும். நகரமாகிவிட்ட ஊர்கள் சிவப்பு, கிராமமாகவே இருப்பவை மஞ்சள். கணக்கை உள்ளே கொடுத்தால் நிறம் தானாக வரும். எங்கள் ஊர் சிவப்பாக வந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்லூரியில் என் ஊர்ப் பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. இப்போது அது மதுரை. யார் கேட்டாலும் மதுரை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன், நம்ம ஊர் மாநகராட்சிக்குள் வரப்போகிறது என்று. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“டவுனாயிட்டா நூறு நாள் வேலை உண்டாடி?”

இல்லை. அது கிராம ஊராட்சிக்கு மட்டும் உள்ள வேலை. எனக்கு அது தெரியும், தெரிந்தும் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அம்மா அடுத்த கொத்தை எடுத்தாள்.

டவுன்காரர்களுக்கு நூறு நாள் வேலை ஒரு கேலி. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள் என்பார்கள். உட்காரத்தான் செய்வார்கள். சித்திரை வெயிலில் கண்மாய்க்குள் மண் வெட்டுகிற பெண்பிள்ளை கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? அம்மாவுக்கு அந்தக் கூலியைவிடப் பெரியது ஒன்று அந்த வேலையில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வேலை கேட்டு நின்ற வாசல்கள் ஊருக்குள் இருக்கின்றன. விடியும் முன்னே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே கூப்பிடும்வரை நிற்க வேண்டும். சில நாள் வெயில் ஏறியபிறகு, இன்றைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். நூறு நாள் வேலை வந்ததும் அம்மா அந்த வாசல்களுக்குப் போவதை விட்டாள். இப்போதும் களை வெட்டப் போகிறாள், நாற்று நடப் போகிறாள். ஆனால் நிலக்காரர்கள் போன் செய்தால் கூலி பேசிவிட்டுப் போகிறாள். கட்டுப்படியாகாவிட்டால், கண்மாய் வேலை இருக்கு, வரமுடியாது என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறாள். அப்படி வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் ஊர் ஏன் சிவப்பானது என்று கணக்கைத் திறந்து பார்த்தேன். விதி எனக்குப் புதிதல்ல, பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு ஊர் நகரம் என்று ஆக, இவ்வளவு ஆட்கள் இருக்க வேண்டும், இவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். உழைக்கும் ஆண்கள். படிக்கிற காலத்தில் அந்தச் சொல்லின் மேல் என் கண் நிற்கவே இல்லை. பெண்கள் வயல்காட்டில் என்ன செய்கிறார்கள் என்பதை அந்த விதி கேட்பதே இல்லை.

எங்கள் ஊர் ஆண்களோ எல்லோரும் கம்பெனி ஆட்கள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் வீட்டுக்கு வீடு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. கப்பலூரில் சின்னச் சின்ன ஆலைகள் நிறைய. பிளாஸ்டிக் பைப், அட்டைப்பெட்டி, நட்டு போல்ட். நிரந்தர ஆட்கள் கொஞ்சம்தான். மற்றவர்களுக்கு லோடு ஏற்ற, இறக்க, ஆள் குறைந்தால் போன் வரும். வராத நாட்களில் காடுதான்.

என் அப்பாவிடம் நீலச் சட்டை ஒன்று உண்டு, பையில் கம்பெனிப் பெயர் நூலால் தைத்தது. லோடு இல்லாத நாளிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் தெருவைத் தாண்டுவார். வயலுக்குப் போனதும் கழற்றி, மடித்து, வரப்பில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு மண்கட்டியை வைப்பார். சாயங்காலம் கைகால் கழுவி, திரும்பவும் போட்டுக்கொண்டு வருவார். ஊரில் பல ஆண்கள் இப்படித்தான். ஒருவர் வரப்பை ஒருவர் தாண்டித்தான் போகிறார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரையும் கேட்பதில்லை.

இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. எங்கள் தெரு ஆண்களை அடுத்தவர் வயலோடு சேர்த்து, இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ரொம்பப் பின்னால் இல்லை. கம்பெனி என்ற சொல் வந்தபிறகுதான் அந்தச் சொல் நின்றது. ரோட்டோரத்து ஆண்களுக்கு வேறு காரணம். நிலம் துண்டுதுண்டாகி, போர்வெல் வற்றி, கூலிக்குப் போக வேண்டி வந்ததை அவர்கள் வெளியே சொல்ல விரும்பவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சொல்லுக்குள் போய் நின்றுகொண்டன. என் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் கம்பெனி என்றுதான் இருக்கிறது. யாராவது அதை வாசிக்கும்போது என் முதுகு கொஞ்சம் நிமிரும்.

எல்லை விரிப்பு பற்றிய அறிவிப்பு வந்தபிறகு சுற்றுவட்டாரத்தில் அங்கங்கே மறியல் தொடங்கியது. எந்தப் பக்கம் பஸ் நிற்கும், எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. வரி ஏறும் என்று சிலர், குப்பை எங்கள் ஊரில் கொட்டுவார்கள் என்று சிலர், ஆனால் ரோட்டில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்கு நூறு நாள் வேலைதான் பேச்சு. எங்கள் ஊர் முறை ஒரு சனிக்கிழமை வந்தது. நான் இரண்டாவது பஸ் மாறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கப்பலூர் தாண்டியதும் வண்டிகள் நின்றன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு முன் சீட்டில் இருந்தவர், ஓசிக் காசுக்குப் பழகிப்போச்சுக, மண்வெட்டியத் தொடாம சம்பளம் வேணும் என்று சத்தமாகச் சொன்னார். கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டே, “அண்ணே, நீங்க எறங்கிப் போயி அதுககிட்டயே சொல்லிப் பாருங்க. நானும் கூட வாரேன், அடிச்சாப் பாதிய வாங்கிக்கிறேன்” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், ஜன்னல் வழியே அம்மாவின் பச்சைச் சேலை தெரியாமல் இருந்திருந்தால்.

இறங்கி நடந்தேன். அம்மா முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில், தொடை தொடையில் இடிக்க, எங்கள் ஊராட்சி வார்டு உறுப்பினர் அக்கா. ரோட்டோரத்துத் தெருக்காரர், அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர், மறியலை நடத்தியது அவர்தான். ஒரே பாட்டிலில் தண்ணீரைக் குடித்து ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துப் பெண்களும் அந்தப் பக்கத்துப் பெண்களும் இப்படிக் கலந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவில்கூட இல்லை. தார் கொதித்தது, சேலையை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்ததும், “ஏன்டி வெயில்ல நிக்கிற. வீட்டுக்குப் போ. ரசம் வச்சிருக்கேன், சோறு பானையில இருக்கு” என்றாள், ஏதோ கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. நான் போகவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்தேன்.

ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கப்போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்தோடு அங்கே கொடுக்கலாம் என்றும் சொன்னார். வார்டு அக்கா, எங்க ஊர் விவசாய ஊருதான் சார், இதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அவர் போனில் எதையோ பார்த்துவிட்டு, “உங்க ஊர்ல விவசாயம் பாக்குறது யாரும்மா? ஆம்பளைங்க அத்தனை பேரும் கம்பெனின்னுல்ல சொல்லியிருக்காங்க” என்றார்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டீக்கடைப் பக்கம் திரும்பினார்கள். ஆண்கள் அங்கேதான் நின்றார்கள். அப்பா கண்ணாடி டம்ளரை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் வார்டு அக்கா வாய்க்காலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவும் முதல் தடவை. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், அவர் அதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் என்னிடம் கேட்டார்: “நீதானத்தா படம் போடுறவ. நாங்க காட்டுல கெடக்குறத ஒரு படமாப் போட்டுத் தர முடியுமா?”

அலுவலகக் கணக்கை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் நடந்து போய் நானே கேட்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. விதியில் பெண்கள் இல்லை, அதனால் ஆண்களும் உள்ளதைச் சொன்னால்தான் பயன் என்று அவரிடம் விளக்கினேன். அதுதான் கஷ்டம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தோம், அவரும் நானும். என் வாழ்க்கையில் அவ்வளவு களைப்பாக வேறு எதையும் செய்ததில்லை. பெண்களிடம் கேட்பது சுலபம். களை, நடவு, கடலை பறிப்பு, கண்மாய் என்று அவர்களே வரிசையாகச் சொன்னார்கள், நாங்கள் படுகிற பாட்டையும் சேர்த்து எழுது என்றார்கள். ஆண்களிடம் வந்தால் நின்றுவிடும். கம்பெனின்னு போட்டுக்க. மாசத்தில் எத்தனை நாள் கம்பெனிக்குப் போகிறீர்கள்? போவோம். லோடு வராத நாளில்? வந்துரும்.

ஒரு வீட்டில் என்னோடு படித்த பையனின் அண்ணன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பவர், கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: “ஏம்மா, நாளைக்கு பொண்ணு வீட்டுக்காரன் வந்து உன்கிட்ட வெசாரிச்சா, களை வெட்டுறான்னு படத்தக் காட்டிருவ. அப்புறம் நான் எந்தக் கம்பெனியில போயிப் பொண்ணெடுக்க?”

வார்டு அக்காவின் சொந்த வீட்டிலேயே அதுதான் நடந்தது. அவருடைய வீட்டுக்காரர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி என்று சொல்லித்தான் பெண்ணெடுத்தேன், மாமனார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார் என்றார்.

“எடுத்து எம்புட்டு வருசமாச்சு. இனியா வந்து என்னையக் கூட்டிட்டுப் போகப் போறாரு?” என்றார் அக்கா.

“அவரு வர மாட்டாரு. உன் தம்பி சிரிப்பான்.”

அவ்வளவுதான். ரோட்டோரத்துத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டிலும் இதே மாதிரி. அவர்கள் சொன்னதைத்தான் நான் எழுத முடியும் என்று நினைத்தேன். அப்படித்தான் படித்திருக்கிறேன். அவர்கள் கம்பெனி என்றார்கள், நான் கம்பெனி என்று எழுதிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அப்பாவைக் கடைசியாகக் கேட்டேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, “முன்ன கணக்கெடுக்க ஒருத்தன் வந்து எழுதுனப்ப இந்தாளு என்ன சொன்னாரு தெரியுமா? வீட்டுக்காரம்மா சும்மாதான் இருக்குன்னாரு. நான் சேறுங் காலோட வாசல்ல வந்து நிக்கிறேன்” என்றாள். அப்பா என்னைப் பார்த்தார்.

“உன் சர்டிபிகேட்ல என் வேலை என்னன்னு போட்டிருக்கு?”

கம்பெனி என்று போட்டிருக்கிறது என்றேன்.

“நான் இப்ப மாத்திச் சொன்னா அது பொய்யாப் போயிருமா? உன் வேலைக்கு எதுவும் வந்துருமா?”

வராது என்றேன். அப்படி ஒரு பயம் அவருக்குள் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அவர் வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். அவர் பெயருக்கு நேரே நான் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் தெருவில் மற்ற ஆண்களும் பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள். அப்பா என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் கம்பெனிக்குப் போனவர் அவர்தான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வரைபடத்தைத் திரையில் காட்ட ஆள் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள், அது என் ஊர் என்று அவர்கள் யோசிக்கவில்லை. மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் அதிகாரிகள், ஓரத்தில் லேப்டாப்போடு நான், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் ஊர். நாற்காலிகள் ஒன்றாகத்தான் போடப்பட்டிருந்தன. பெண்கள் கலந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வழக்கம்போல இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

எங்கள் ஊர் திரையில் சிவப்பாக வந்தது. வார்டு அக்கா எழுந்து பேசினார், நன்றாகவே பேசினார். அதிகாரி கேட்டுவிட்டு, நீங்கள் சொல்வதை ஆண்கள் யாராவது எழுந்து சொல்லட்டும், பதிவு செய்துகொள்கிறேன் என்றார்.

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அக்காவின் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பெண் பார்த்துக்கொண்டிருந்தவர் போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனார். பிறகு, பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார், அதுதான் அவரிடம் இருந்த நல்ல சட்டை.

“ஐயா, நான் கம்பெனிக்குப் போறவன்தான். லோடு வந்தாக் கூப்புடுவாக. வராட்டி காட்டுலதான் கெடக்கேன். வராத நாளுதான்யா ஜாஸ்தி.”

“அப்ப ஏன் கம்பெனின்னு சொன்னீங்க?” என்று அதிகாரி கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்பா, “சொல்றதுக்கு நல்லா இருந்துச்சுய்யா” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பின்னால் எங்கள் தெரு ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், நானும் அப்படித்தான், நானும் அப்படித்தான் என்று. ரோட்டோரத்து ஆண்கள் இருந்த அந்தப் பக்கத்து நாற்காலிகளில் ஒருவரும் எழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத வேண்டும், இருந்ததுதான். ஆனால் அதைவிடக் கூடுதலாகக் களைப்பாக இருந்தது. அந்த மனிதர் இத்தனை வருடம் மடித்து மடித்து வைத்ததை ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

நான் நடந்து எடுத்த வரைபடத்தையும் அக்கா கொடுத்தார். அதில் எங்கள் தெரு ஆண்களின் வேலையை அன்றே, அவர்கள் எழுந்து சொன்னபடி, மண்டபத்தில் உட்கார்ந்தே நிரப்பினேன். அதிகாரி அதை வாங்கிப் பார்த்து, சுத்தமா இருக்கு, யார் போட்டது என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினார்.

சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் வந்து போனது. வேறு ஊர்களில் மறியல் நடந்தது, சில இடங்களில் கைது செய்து சாயங்காலம் விட்டார்கள். அம்மா கண்மாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் என் மேலாளர் திருத்திய எல்லைகளைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் கோடு போட்டுக் கொடுத்துவிடு என்றார்.

எங்கள் ஊர் நடுவில் பிரிந்திருந்தது. வாய்க்காலுக்கு வடக்கே, ரோட்டை ஒட்டிய பகுதி, விவசாயம் அல்லாத தொழிலில் உள்ளது என்பதால் மாநகராட்சிக்கு. வாய்க்காலுக்குத் தெற்கே உள்ள தெரு, விவசாயத்தை நம்பியிருப்பது ஆட்சேபணையோடு தந்த வரைபடத்தில் தெளிவாகத் தெரிவதால், பக்கத்து ஊராட்சியோடு. என் வரைபடத்தில் அது தெளிவாகத்தான் தெரிந்தது. வாய்க்காலுக்கு வடக்கே கம்பெனி, தெற்கே காடு. சொன்னவர்கள் சொன்னபடி எழுதியிருந்தேன்.

நான் அந்தக் கோட்டைப் போட்டேன். மறுத்தால் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் போடுவார், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுவார். வாய்க்கால் நேராகப் போவதில்லை. அதன் ஒவ்வொரு வளைவிலும் மவுஸை நிறுத்தி ஒவ்வொரு கிளிக்காகப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் இந்தக் கோட்டைப் போட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. முடித்ததும் நிறம் மாறியது, எங்கள் தெரு மஞ்சளானது. சேமித்துவிட்டு, கீழே போய் ஒரு டீ குடித்தேன்.

அம்மாவின் வேலை நின்றது. நின்றது என்றால், நீடித்தது. எழுதும்போது இந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. இப்போது பக்கத்து ஊராட்சியின் கண்மாய்க்குப் போகிறாள். தூரம் அதிகம். அந்த ஊர்ப் பெண்களுக்கு எங்கள் தெருக்காரர்கள் வந்தது பிடிக்கவில்லை, ஆள் கூடினால் வேலை நாள் குறையும் என்று நினைக்கிறார்கள், கரையில் நல்ல நிழலில் முதலில் வந்தவர்கள் உட்கார்ந்துகொள்கிறார்கள். அம்மா அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, நடைதான்டி கொல்லுது என்பாள். தெருவிளக்கும் சாக்கடையும் வாய்க்கால் வரைக்கும் வந்து நின்றுவிட்டன. ராத்திரி எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் அந்தப் பக்கம் வெள்ளையாக எரிகிறது.

ரோட்டோரத்தில், படித்த பிள்ளையை வைத்து ஊரைப் பிரித்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவளும் மறியலில் எங்களோடு உட்கார்ந்தவள்தான். நான் யாரிடமும் விளக்கப் போகவில்லை. ஆரம்பத்தில் விளக்க வேண்டும் என்று வாசகங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். விதி இப்படி, நீங்கள் சொன்னது இப்படி, நான் எழுதியது இப்படி. யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது அந்த வாசகங்கள் மறந்துபோய்விட்டன.

போன திங்கட்கிழமை காலையில் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். கொஞ்சம் தள்ளி, சாப்பாட்டுத் தூக்கோடு ஆறேழு பெண்கள் நின்றார்கள், எல்லோரும் ரோட்டோரத்துத் தெரு. வில்லாபுரம் பக்கம் கட்டடம் எழும்பும் இடங்களுக்குச் சித்தாள் வேலைக்கு வேன் வரும், அதற்காக. அவர்களில் வார்டு அக்காவும் இருந்தார். ஊராட்சி போனதோடு அவருடைய வார்டும் போய்விட்டது. பார்க்காததுபோல் நிற்கலாமா என்று நினைத்தேன். அவரே பக்கத்தில் வந்தார்.

“என்ன, ஆபீசுக்கா?”

ஆமாக்கா என்றேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை அசைத்துத் தடுத்துவிட்டார்.

“நீ கேட்டப்ப நான் கூடவேதான வந்தேன். நீ ஒண்ணும் மாத்தி எழுதலையே. விடு.”

பிறகு, அம்மாவுக்கு அங்கே வேலை தொடர்ந்து கிடைக்கிறதா என்று விசாரித்தார். கிடைக்கிறது, நடைதான் கஷ்டம் என்றேன். நடந்துரலாம், அது ஒண்ணும் இல்லை என்றார்.

வேன் வந்தது. மேஸ்திரி முன் சீட்டிலிருந்து இறங்கவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி, நீ, நீ, அந்தப் பச்சை, நீ என்று காட்டினார். காட்டப்பட்டவர்கள் ஓடிப்போய் ஏறினார்கள். இளையவர்களாகத்தான் பார்த்துக் காட்டினார். அக்கா தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, முகத்தை வேறெங்கும் திருப்பாமல், அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வேன் கிளம்பியது. அவரும் இன்னும் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். அடுத்த வேன் ஒன்று வரும், அதில் பார்க்கலாம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

எதிரே என் பஸ் வந்து நின்றது. நான் வேன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன் பஸ்ஸு வந்துருச்சு பாரு” என்றார் அக்கா. “ஏறு, நேரமாச்சு.”

ஏறினேன்.